தேங்காய் சுற்றி வந்த கூட்டம்

தேங்காய் எனக்கு மூன்று நாற்காலி தள்ளி வந்துகொண்டிருந்தது.

எவர்சில்வர் தட்டு. நடுவில் குடுமி வைத்த தேங்காய். சுற்றிலும் மஞ்சள் அரிசி, ஓரத்தில் உதிரி மல்லிகை. தட்டை வாங்கியவர் தேங்காயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் நீட்டினார். அவரும் ஒற்றிக்கொண்டு நீட்டினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியே மோனோ ரயில் ஒன்று கடகடத்துப் போனது.

எனக்கு நேர் எதிரே பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். சமையல் வியர்வை காயாத முகம். மடியில் கைப்பை. அவர் தட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசுவதற்கு ஒரு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலில் வரும்போதே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை. தட்டு வந்தால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தட்டு வந்தது. என் கை தேங்காயைத் தொட்டது. கண்ணுக்குப் போனது. பிறகு தட்டு பக்கத்து ஆளிடம் இருந்தது.

நடந்தது என்ன என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். எழுதினால் தெளியும் என்று ஓர் ஆசை.

வெங்காய இலாகா

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கதையை இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நான் இருந்த இருப்பு என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "மசாலா டப்பாவுக்கெல்லாம் லேபல் ஒட்டுறாரு" என்று தன் தங்கையிடம் போனில் புலம்பினாள். புலம்பிய கையோடு என்னைத் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பிவைத்தாள்.

அங்கே ஒரு மண்டபத்தின் பின்பக்கம், சனிக்கிழமைதோறும் ஒரு சமையல் நடக்கும். சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் மதியச் சாப்பாடு. சோறு, சாம்பார், ஒரு காய், அப்பளம். காலை ஆறு மணிக்கு அடுப்பு பற்றும். பன்னிரண்டு மணிக்குள் பொட்டலங்கள் வேனில் ஏறிவிட வேண்டும்.

இதை ஆரம்பித்தவர் பாக்கியம் அக்கா. கணவர் போன பிறகு தன் வீட்டு அடுப்பில் நாலு பேருக்குச் சமைத்துக் கொடுத்ததில் தொடங்கி, ஆள் கூடி, மண்டபம் வரைக்கும் வந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வெங்காயம் நறுக்கத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா."

"வேற என்ன தெரியும்?"

"மினிட்ஸ் எழுதுவேன்."

சிரித்தார். கத்தியைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு வெங்காய இலாகாவும் செயலாளர் பதவியும் ஒன்றாகக் கிடைத்தன.

நாற்காலி பறந்த காலம்

செயலாளர் வேலை எனக்குப் பழக்கமானது. கிள்ளானில் நான் செயலாளராக இல்லாத சங்கம் எது என்று யோசித்தால்தான் நினைவு வரும். மன்றம், பேரவை, பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம், ஒரு கால்பந்துக் குழு. எனக்குக் கால்பந்து தெரியாது, ஆனால் அவர்களுக்கும் தீர்மானம் எழுத ஓர் ஆள் வேண்டுமே.

அந்தக் கூட்டங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பேசுகிறவர் எழுந்து நின்று "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பிப்பார். பிறகு அந்த மதிப்பிற்குரிய தலைவரை வாங்கு வாங்கு என்று வாங்குவார். தலைவர் மேசையைத் தட்டுவார். யாராவது ஒருவர் வெளிநடப்புச் செய்வார். சாப்பிட மீ கோரெங் வரும் நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலிகூடப் பறந்தது. எறிந்தவரும் எறி வாங்கியவரும் கூட்டம் முடிந்து முக்குக்கடையில் ஒரே மேசையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எவ்வளவு கூச்சல் இருந்தாலும் என் நோட்டில் மூன்று வரி தெளிவாக விழும். தீர்மானம். முன்மொழிந்தவர். வழிமொழிந்தவர். பத்து வருடம் கழித்து யாராவது வந்து "இந்த முட்டாள்தனத்தைச் செய்தது யார்?" என்று கேட்டால் பெயரைச் சொல்ல முடியும். அந்த மூன்று வரியில் எனக்குப் பெரிய நம்பிக்கை.

நிவேதாவின் கூழாங்கல்

நிவேதா கோயம்புத்தூர்ப் பெண். கணினி வேலைக்காக விசாவில் வந்தவள். சனிக்கிழமைகளில் எங்களோடு பொட்டலம் கட்டுவாள். கெட்டிக்காரி, நல்ல மனசு. அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன் என்று என் மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

அவளுடைய அலுவலகத்தில் ஏதோ பயிற்சி கொடுத்தார்களாம். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். மேசை கூடாது, தலைவர் கிடையாது. ஒரு பொருள் கைக்குக் கை சுற்றி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

"எல்லா நாற்காலியும் தலைவர் நாற்காலிதாங்க அங்கிள்" என்றாள்.

"முன்மொழியிறது யாரு?"

"யாருமில்ல. வட்டமே முடிவு பண்ணும்."

எனக்குத் தலை சுற்றியது. வட்டம் என்ற பெயரில் ஓர் உறுப்பினர் என் பட்டியலில் இல்லை. பாக்கியம் அக்காவோ உடனே சரி என்றுவிட்டார். "நல்லதுதானே லா. தனியா முடிவெடுத்து எடுத்து எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார். இதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் வட்டத்துக்கு நிவேதா ஒரு கூழாங்கல் கொண்டுவந்தாள். நடுவில் ஒரு மெழுகுவத்தி. கல் முதலில் குமாரிடம் போனது. குமார் எங்கள் வேன் ஓட்டுபவர். கல்லை வாங்கியதும் எழுந்து நின்று, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். தலைவர் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெழுகுவத்தியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கல் கையில் இருக்கிறவரை யாரும் தடுக்கக்கூடாது என்பதால் இருபது நிமிடம் பேசினார். பார்க்கிங் பிரச்சினை, லிப்ட் பழுது, அவருடைய மச்சான் செய்த துரோகம் எல்லாம் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பதினொரு பேரும் பேசினார்கள். வாயே திறக்காத ஒரு பெண் தனக்கு மிளகாய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று முதல்முறையாகச் சொன்னாள். இரண்டு வருடமாக நாங்கள் அவளை மிளகாய் வறுக்க வைத்திருந்தோம்.

கேஸ் வாசனை

இதற்கிடையில் பாக்கியம் அக்காவுக்கு மறதி வந்தது. ஒரு சனிக்கிழமை சாம்பாரில் இரண்டு தடவை உப்பு போட்டார். சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றிச் சமாளித்தோம். இன்னொரு வாரம் பருப்பை வேகவைக்காமலே தாளித்தார். அதற்கும் சிரித்தோம், கொஞ்சம் குறைவாக.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குமார் வேன் கழுவ மண்டபத்துக்குப் போனார். பின்பக்கம் ஒரே கேஸ் நாற்றம். முதல் நாள் சமையல் முடிந்து கதவைப் பூட்டியவர் பாக்கியம் அக்கா. சிலிண்டர் திறந்தே இருந்தது. குமார் அதை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

அந்த வாரம் பாக்கியம் அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார்.

"நான் மறக்குறேன் தம்பி. எனக்கே தெரியுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க. ஒரு ஆள் எங்கூட நின்னு கேஸ் மூடியாச்சா, உப்பு போட்டாச்சான்னு பாத்துக்கிட்டா போதும். அடுப்ப விட்டு எறக்கிடாதீங்க. மகன் ஜோகூர்ல இருக்கான், வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வருவான். சனிக்கிழமை வந்தாதான் எனக்கு ஒரு வாரம் போன மாதிரி இருக்கு. வர்ற சனிக்கிழமை கூட்டத்துல நானே இத கேட்டா பிச்சை கேக்குற மாதிரி இருக்கும். நீங்க செகரட்டரி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன்க்கா" என்றேன்.

ரயிலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை இதுதான். ஓர் ஆள் கூட நின்றால் போதும்.

விளக்கு ஏற்றியாயிற்று

அந்தச் சனிக்கிழமை பொட்டலங்கள் போன பிறகு, மதியம் இரண்டு மணிக்குப் பதினொரு நாற்காலியை வட்டமாகப் போட்டோம். கூழாங்கல்லைப் பார்த்ததும் ராஜம்மா முகத்தைச் சுளித்தார். ராஜம்மா எங்கள் குழுவில் காய்கறி வாங்குபவர். விடியற்காலையில் பாசாருக்குப் போய் பேரம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"நல்ல விஷயம் பேசப்போறோம், கல்லையா குடுக்குறது? கொஞ்சம் இருங்க."

உள்ளே போனார். தட்டு வந்தது, தேங்காய் வந்தது, மஞ்சள் அரிசி வந்தது. மெழுகுவத்தியை எடுத்துவிட்டுக் காமாட்சி விளக்கை ஏற்றினார். நிவேதாவுக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர்க்கா, நம்ம முறைப்படியே செஞ்சிட்டீங்க!" என்றாள்.

விளக்கு எரிந்ததும் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தோம். யாரும் சொல்லவில்லை. பெண்கள் முந்தானையைச் சரிசெய்து கொண்டார்கள். குமார் தொப்பியைக் கழற்றினார். நானும் கைகட்டி உட்கார்ந்தேன். இது கூட்டம் என்ற நினைப்பு அந்த நேரத்திலேயே எங்களை விட்டுப் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

நிவேதா கேள்வியை மென்மையாக வைத்தாள். "சமையல் பொறுப்ப இனிமே மூணு பேர் முறை வெச்சுப் பகிர்ந்துக்கலாமான்னு யோசிக்கிறோம். அவங்கவங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க. சொல்ல எதுவுமில்லன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடலாம்."

யாருடைய பெயரையும் அவள் சொல்லவில்லை. பதினொரு பேருக்கும் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியும்.

தட்டு ராஜம்மாவிடம் தொடங்கி வலமாக வந்தது.

கல்யாண மண்டபத்தில் தாலி வைத்த தட்டு வரிசை வரிசையாக வரும்போது நாம் என்ன செய்கிறோம்? தொடுகிறோம், கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், பக்கத்தில் கொடுக்கிறோம். என் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான், எத்தனையோ கல்யாணங்களில் அப்படித்தான். அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு "எனக்கு இந்தச் சம்பந்தத்தில் ஒரு சந்தேகம்" என்று யாராவது சொல்லி நான் பார்த்ததில்லை. மேளக்காரர் வேறு அவசரப்படுத்துவார்.

ராஜம்மா ஒற்றிக்கொண்டார். அடுத்தவர் ஒற்றிக்கொண்டார். குமார், இருபது நிமிடப் பேச்சாளர் குமார், ஒற்றிக்கொண்டார். எரிகிற விளக்கின் முன்னால் ஒருவரின் மறதியைப் பற்றி எப்படிப் பேசுவது? நான் ஒற்றிக்கொண்டது உங்களுக்கு முன்பே தெரியும். பாக்கியம் அக்காவிடம் தட்டு போனது. அவரும் ஒரு கணம் தேங்காயைப் பார்த்தார், தொட்டார், ஒற்றிக்கொண்டார், கொடுத்தார்.

ஐந்து நிமிடத்தில் சுற்று முடிந்தது.

"யாருக்கும் மறுப்பு இல்லைங்க" என்றாள் நிவேதா. அவள் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு அமைதியா ஒரு வட்டம் நான் பாத்ததே இல்ல."

பாக்கியம் அக்கா கைப்பையைத் திறந்தார். மண்டபத்துச் சாவியை எடுத்துத் தட்டில், தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். "அவ்ளோதானே" என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே, "தேங்காய வெச்சுப் பாழாக்கிடாதீங்க. ஒடைச்சு சட்னி அரைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்னி அரைத்தோம். நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

யாரைக் கேட்டாலும்

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. முறைச் சமையல் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பெரியவர் மட்டும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "அக்காவ யாரு போகச் சொன்னது?" என்று கேட்டார்.

தெரிந்துகொள்ளலாம் என்று குமாரைக் கேட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே அண்ணே! தட்டு வந்துச்சு, குடுத்தேன்."

ராஜம்மாவைக் கேட்டேன். "நான் தேங்காதான் கொண்டாந்தேன். அதுக்கு என்னை ஏன் கேக்குறீங்க?"

நிவேதாவைக் கேட்டேன். "நான் வட்டத்தை நடத்துனேன், அவ்வளவுதாங்க அங்கிள். முடிவு பண்ணது எல்லாரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா?" என்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இல்லை என்றேன். இருந்தாலும் இருக்கலாம்.

பத்துப் பேரும் குற்றமற்றவர்கள். ஆனால் ஒரு மனுஷியை அடுப்பிலிருந்து இறக்கியாயிற்று. நோட்டில் தேதி போட்டு, வந்தவர்கள் பெயரை எழுதி, கீழே தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று எழுதி வைத்திருந்தேன். மூன்றுக்கும் நேரே வெறும் கோடு.

என்னைப் பற்றியும் யோசித்தேன். பழக்கத்தில் கை போய்விட்டதா? இல்லை, சிலிண்டர் பயம் எனக்கும் உள்ளுக்குள் இருந்து, தட்டு வந்ததும் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேனா? ஒருநாள் ஒரு மாதிரித் தோன்றும், மறுநாள் வேறு மாதிரித் தோன்றும். தூக்கம் கெட்டது.

நோட்டைக் காட்டுங்க

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ஒரு மத்தியானம் வாசல் கேட்டில் பூட்டைத் தட்டும் சத்தம். பாக்கியம் அக்கா. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தனியாக ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்திருந்தார். ஸ்டேஷனில் இறங்க மறக்கவில்லை என்பதை முதல் வேலையாகச் சொன்னார்.

உட்கார்ந்தார். தண்ணீரைத் தொடவில்லை.

"மினிட்ஸ் நோட்ட காட்டுங்க தம்பி."

கொண்டுவந்து கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கோட்டில் வந்து விரல் நின்றது.

"பேரு எங்க?"

"யாரும் முன்மொழியலக்கா."

"நானும் ஒரு மாசமா பாக்குறேன். ராத்திரி படுத்தா கோவம் கோவமா வருது. யார திட்டுறதுன்னு தெரியல. ராஜம்மாவ நெனச்சா அவ பாவம். அந்தப் புள்ள நிவேதாவ நெனச்சா அதுவும் பாவம். வட்டத்தையா திட்ட முடியும்? ஒரு பேரு குடுங்க தம்பி. திட்டிட்டுப் போயிடுறேன்."

நான் நோட்டை வாங்கினேன். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அப்படி எழுதுவேன் என்று பேனாவைத் திறக்கும்வரை எனக்கே தெரியாது.

அவர் படித்தார். பிறகு ஆரம்பித்தார்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித் திட்டு வாங்கியதில்லை. வெங்காயம்கூட ஒழுங்காக நறுக்காதவன் என்றார். வாய் இருந்தும் ஊமை என்றார். நம்பினேனே, உன்னிடம்தானே சொன்னேன், அந்தத் தட்டு வரும்போது உன் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். 'நீங்கள்' எல்லாம் போய் 'நீ' ஆகிவிட்டது. சமையலறையில் என் மனைவி ரேடியோவை நிறுத்திவிட்டாள். அக்கா அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது அவருடைய முறை என்று அடக்கிக்கொண்டேன்.

ஒருவழியாக ஓய்ந்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"பேனாவ குடுங்க."

கொடுத்தேன். வழிமொழிந்தவர் என்ற கோட்டில் எழுத்துக் கூட்டி, நிதானமாக, தன் பெயரை எழுதினார். ச. பாக்கியம்.

"அக்கா, என்ன இது?"

"நானும்தானே கண்ணுல ஒத்திக்கிட்டேன்" என்றார். "வெளக்கு எரிஞ்சுது. தட்டு வந்துச்சு. நான் மட்டும் என்ன செஞ்சேன்?"

ஸ்டேஷன் வரைக்கும் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, சனிக்கிழமை யாருடைய முறை என்று கேட்டார். ராஜம்மா என்றேன். "அவ புளிய அள்ளிப் போடுவா லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை வந்தார். அடுப்புப் பக்கம் போகவில்லை. என் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார். பத்து மணிக்கு ராஜம்மா கரண்டியில் சாம்பாரை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்து, "அக்கா, புளி பாருங்க" என்று கையை நீட்டச் சொன்னார். அக்கா நக்கிப் பார்த்துவிட்டு, "கேஸ கொறைங்க" என்றார். இன்றுவரை எந்தச் சனிக்கிழமையும் அவர் சொல்லாமல் சாம்பார் இறங்குவதில்லை. சாவி ராஜம்மாவிடம்தான் இருக்கிறது. இப்படி நடக்க வேண்டும் என்று எந்த வட்டத்திலும் யாரும் பேசவில்லை.

நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. முன்மொழிந்தவர் இருக்கிறார். வழிமொழிந்தவர் இருக்கிறார். அன்றைக்கு நாங்கள் என்ன தீர்மானித்தோம் என்ற முதல் வரியை மட்டும் நான் இன்னும் எழுதவில்லை.